ஈரல் நோயும் அறிவுமயக்கமும்: மருந்துகள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுப்பர். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்பன அவை. இக்கால ஆராய்ச்சிகள் மூன்றாங் கூறாகிய மருந்தையே பெரிதும் அளந்தறிவன. அவற்றின் முடிபுகளை ஏற்குங்கால் நான்காங் கூறினையும் உடன்வைத்து நோக்கல் வேண்டும் என்பதற்குக் கல்லீரல் நோயில் விளையும் அறிவுமயக்கம் தக்க சான்றாகும்.

சிறோசிஸ் என்னும் நோயிற் கல்லீரல் தழும்பேறி இறுகித் தன் தொழிலிற் குன்றும். மதுப்பழக்கம் மட்டுமன்றி, நீரிழிவோடும் உடற்பருமனோடும் கூடிய கொழுப்பேற்றமும், சில வைரசுகளும் அதற்குக் காரணமாம். குடலிலே பற்றீரியா புரதத்தைச் சிதைக்குங்கால் தோன்றும் அமோனியாவை நல்லீரல் யூரியாவாக மாற்றிவிடும். நலிந்த ஈரலோ அதனை மூளைவரை செல்லவிடும். உறக்கம் முறைமாறல், கைநடுக்கம், பிதற்றல், ஈற்றில் உணர்விழத்தல் என மயக்கம் முதிரும்.

இதற்குக் கையாளப்பட்ட பழைய மருந்துகளுள் நியோமைசின் ஒன்று. அது குடற் பற்றீரியாவை ஒடுக்குவது. 1966 இல் சூரிச் நகரத்துப் பிர்ச்சர் முதலியோர் லக்ருலோஸ் என்னும் சர்க்கரைப் பாகினை இந்நோய்க்கு வழங்கிய செய்தியை வெளியிட்டனர். அது சிறுகுடலில் உறிஞ்சப்படாது பெருங்குடலை அடைந்து, ஆங்கு அமிலங்களாக மாறி, அமோனியாவைக் குருதியிற் புகவிடாது மலத்தோடு கழிப்பது. 1977 இல் அமெரிக்காவிற் கொன் முதலியோர் இவ்விரண்டினையும் ஒப்பிட்டு, ஆற்றலில் ஏறத்தாழச் சமன் எனக் கண்டனர். ஆற்றல் சமனாயினும் தீங்கு சமனன்று. நியோமைசின் நெடுநாள் உட்கொள்ளப்படின் செவியையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது. லக்ருலோஸ் தருவனவோ பெரும்பாலும் வயிற்றுப் பொருமலும் பேதியுமாம்.

2009 இல் வெளிவந்த தில்லி ஆராய்ச்சி ஒன்றில், மயக்கத்தினின்று மீண்டு லக்ருலோஸ் உட்கொண்ட 61 பேருள் 12 பேர்க்கும், உட்கொள்ளாத 64 பேருள் 30 பேர்க்கும் நோய் மீண்டது. போலி மருந்து கொடுத்து ஒப்பிடாமை அதன் குறையாயினும், வேறுபாடு சிறிதன்று.

றிபக்சிமின் என்னும் புதிய மருந்தின் புகழுக்கு 2010 ஆம் ஆண்டு ஆராய்ச்சி அடிப்படையாயிற்று. 299 நோயாளரை ஆறு மாதம் கவனித்ததில், அம்மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 22 பேர்க்கும், பெறாதோருள் 46 பேர்க்கும் மயக்கம் மீண்டது. எனினும் இரு பகுதியினருள்ளும் பத்தில் ஒன்பது பங்கினர்க்கு மேற்பட்டோர் லக்ருலோசும் உட்கொண்டவரே. ஆதலின் பழையதனோடு புதியதைச் சேர்த்தலின் நன்மையை அது நிறுவியதேயன்றி, பழையதைக் கைவிடலாம் என நிறுவிற்றன்று. புதியதை மட்டும் புகழ்வோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இனி, நான்காங் கூறு. லக்ருலோசின் அளவு போத்தலில் எழுதி முடிவதன்று; நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை இளகிய மலங் கழியுமாறு அது கூட்டியுங் குறைத்தும் கொடுக்கப்படல் வேண்டும். குறையின் பயனில்லை, மிகின் உடல் நீர்வற்றி, அதுவே மயக்கத்தை வரவழைக்கும். இக்கணக்கை நாடோறும் வைத்திருப்பவர் வீட்டிலுள்ள மனைவியோ மகளோ ஆவர்.

உணவும் அவர் கையதே. மன்னார்த் தீவின் கரையிலுள்ள பேசாலை போன்ற மீனவரூரில் மீனே வீட்டின் முதன்மைப் புரதமாம். புரதத்தைக் குறைத்தல் நன்றென முன்னாளில் மருத்துவரே விதித்தனர். 2004 இல் பார்சிலோனாவில் நிகழ்ந்த ஆராய்ச்சி அவ்விதியாற் பயனின்மையைக் காட்டிற்று. தசையும் அமோனியாவை ஏற்றுக் குறைப்பதாகலின், மீனை மறுத்துத் தசையைத் தேயவிடுதல் நோய்க்குத் துணைபோதலாம். ஐம்பது கிலோ எடையினர்க்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம் வரை புரதம் வேண்டுமென இன்று விதிக்கப்படுகின்றது. வயிற்றில் நீர் கோத்தவர்க்கு விலக்கத்தக்கது உப்பேறிய கருவாடேயன்றிப் பச்சை மீனன்று.

மலச்சிக்கல், தொற்றுநோய், குருதிப்போக்கு, தூக்க மாத்திரை என்பனவும் மயக்கத்தைத் தூண்டுவன. பிதற்றலைக் குடிவெறியென இகழ்ந்து காலந்தாழ்த்தாது நோயாளியை மருத்துவமனை சேர்ப்பவரும் அருகிருப்பவரே. மருந்துகளின் தரவரிசையை ஆராய்ச்சி வகுக்கலாம். அது பயன்பெறுமோ அன்றோ என்பதை அடுக்களையும் நோயாளியின் படுக்கையருகுமே முடிவுசெய்கின்றன.