உலாப் போவது யார்?

தமிழ்ச் சிற்றிலக்கியங்களுள் உலாவுக்குத் தனியிடம் உண்டு. தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு காதல் கொள்வர். இதனைக் கலிவெண்பாவில் பாடுவது மரபு. சேரமான் பெருமாள் நாயனாரின் 'திருக்கயிலாய ஞான உலா' இவ்வகையில் முதலாவது ஆதலின் 'ஆதியுலா' எனப் பெயர் பெற்றது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னர் மூவரைப் பாடிய 'மூவருலா'வைத் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர்.

இந்தப் பழம்பெயரைத் தாங்கி ஒரு கணினி மென்பொருள் வந்துள்ளது என்று நம் பங்கைச் சேர்ந்த மாணவி ஒருத்தி கூறியபோது நமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே உண்டாயின. கடலூரிலிருந்து நாள்தோறும் தொடர்வண்டியில் சிதம்பரம் சென்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயில்பவள் அவள். அம்மென்பொருளைப் பதினைந்து நாள் பயன்படுத்தி, தனக்குத் தோன்றியவற்றை நான்கு பக்கங்களில் எழுதி நம்மிடம் தந்தாள். மென்பொருளையும் நூலைப்போல் மதிப்பிடலாம் என்பதை அப்பக்கங்கள் நமக்கு உணர்த்தின. அவள் கண்டவற்றையும், அவற்றால் நமக்குள் எழுந்த எண்ணங்களையும் வாசகர்முன் வைக்கிறோம்.

இணையதளங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். 1990இல் டிம் பெர்னர்ஸ் லீ முதல் உலாவியை எழுதினார். 1993இல் மொசைக், 1994இல் நெட்ஸ்கேப், 2004இல் ஃபயர்ஃபாக்ஸ், 2008இல் குரோம் என இவ்வரிசை வளர்ந்தது. சோகோ என்னும் தமிழக நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே திங்களில் வெளியிட்டதே 'உலா'. நடுவண் அரசு உள்நாட்டு உலாவிக்காக நடத்திய போட்டியில் 2025 மார்ச்சில் இது முதலிடம் பெற்று ஒரு கோடி ரூபாய்ப் பரிசை வென்றது.

"இது வேகமாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று எழுத நான் விரும்பவில்லை, ஃபாதர். எந்த உலாவியும் இன்று வேகமானதுதான். இது எதைத் தடுக்கிறது என்பதுதான் கேள்வி" என்றாள் மாணவி. பின்பு தன் மடிக்கணினியில் ஒரு செய்தித்தளத்தை இருமுறை திறந்து காட்டினாள். முதன்முறை வழக்கமான உலாவியில் விளம்பரங்கள் செய்தியைச் சூழ்ந்து நின்றன. இரண்டாம் முறை 'உலா'வில் செய்தி மட்டும் தனித்து நின்றது.

இதன் உட்பொருளை அவள் விளக்கிய விதம் நமக்கு எளிதில் விளங்கிற்று. நாம் ஒரு தளத்தைத் திறக்கும்போது அத்தளம் மட்டும் வருவதில்லை. விளம்பர நிறுவனங்களின் துண்டுகளும் உடன் வருகின்றன. அவை நம் கணினியில் 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பை இட்டுச் செல்கின்றன. 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மாண்டுலி என்பவர் இதனை உருவாக்கியது நல்ல நோக்கத்தோடுதான். வாங்க விரும்பும் பொருள்களைக் கடையின் தளம் நினைவில் வைத்திருக்க வேண்டுமே! ஆனால், நூறு தளங்களில் துண்டு வைத்திருக்கும் ஒரே நிறுவனம் அக்குறிப்பைக் கொண்டு நூறு இடங்களிலும் நம்மை அடையாளம் காண முடிந்தது. எங்குச் சென்றோம், எதன்முன் நின்றோம் என்பவை எல்லாம் கணக்கில் ஏறின. 'உலா' செய்வது, அத்தகையோரின் முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு அவர்களை வாயிலிலேயே நிறுத்துவதாகும்.

இது வெறும் தொழில்நுட்பச் செய்தியா? இல்லை என்பதை நம் பங்கில் நிகழ்ந்த ஒன்று காட்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு வழி தேடி ஒரு தாய் நள்ளிரவில் கைப்பேசியில் 'அவசரக் கடன்' என்று தேடினார். கணவரிடமும் சொல்லாத துயரம் அது. மறுநாள் முதல் அவர் எதைத் திறந்தாலும் கடன் விளம்பரங்களே வந்து நின்றன. அவற்றுள் ஒன்றைத் தொட்டார். பெற்ற தொகையோ சிறிது. வட்டியும் மிரட்டலும் பெரிது. இதனை அவரது இசைவோடுதான் எழுதுகிறோம். கடன் தந்தவனின் கொடுமை ஒருபுறம் இருக்கட்டும். அவருக்குப் பணமுடை என்பதை, அவர் வாய்திறந்து ஒருவரிடமும் சொல்வதற்கு முன்பே, அறிந்துகொண்டு வந்து நின்றது எது?

மக்கள் தம் மனச்சுமையை இறக்கி வைக்கும் இடத்தில் நாம் முப்பது ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறோம். அங்குக் கேட்டது அங்கேயே முடிந்துவிடும் என்ற உறுதியே அவர்களைப் பேச வைக்கிறது. இன்றோ, நம்மிடமும் சொல்லாதவற்றைத் தேடுபெட்டியில் எழுதுகிறார்கள். அங்கு அத்தகைய உறுதி ஏதும் இல்லை. 'எல்லாம் அறிந்த இறைவனை ஏற்கும் நாம் இதற்கு ஏன் அஞ்ச வேண்டும்?' என்று அன்பர் ஒருவர் கேட்டார். இறைவன் நம்மை அறிவது நம்மை அன்பு செய்வதால். விளம்பரக்காரன் அறிவது நம்மை விற்பதற்காக. இரண்டும் எப்படி ஒன்றாகும்? தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துக் கூறியதும் இங்கு நினைக்கத்தக்கது.

இனிப் பெயருக்கு வருவோம். சென்ற ஆனியில் நோயுற்ற அன்பர் ஒருவரைக் காணச் சிதம்பரம் சென்றிருந்தோம். தேர்த்திருவிழா நாள் அது. கருவறையில் உள்ள மூர்த்தியே வீதிக்கு எழுந்தருள்வது தில்லையின் தனிச்சிறப்பு. போக்குவரத்தை நிறுத்தியிருந்தமையால் கீழவீதி முனையில் மாணவியோடு நாமும் காத்து நின்றோம். கூட்டத்தின் கண்கள் எல்லாம் தேர்மேல் இருந்தன. அப்போதுதான் நமக்கு ஓர் ஐயம் தோன்றிற்று. உலாவில் பவனி வருபவரை எல்லாரும் காண்பர். காணப்படுவதே உலாவின் நோக்கம். இணையத்தில் பவனி வருபவர் யார்? நாமல்லவா! நாம் உலகைப் பார்ப்பதாக எண்ணி வீதிவீதியாய்ச் செல்கிறோம். ஒவ்வொரு சாளரத்தின் பின்னும் நின்று நம்மைப் பார்ப்போர் வேறு சிலர். உலாப் புலவர் பார்ப்போரை ஏழு பருவமாய்ப் பகுத்தார். இங்கோ பார்க்கப்படுவோரை வயது, ஊர், வருவாய், நோய் எனப் பகுத்து விலை வைக்கிறார்கள்.

அவ்வாறாயின், பின்தொடர்வோரைத் தடுக்கும் உலாவிக்கு 'உலா' என்பது பொருந்தாப் பெயர். மன்னன் மாறுவேடம் பூண்டு இரவில் செல்லும் நகர்வலமே இதற்கு நெருங்கிய உவமை. நாம் இதனைக் கூறியதும் மாணவி சிரித்தாள். "இதில் ஐந்து முறைகள் உண்டு, ஃபாதர். அலுவலுக்கு, தனிப்பட்ட பயனுக்கு, சிறுவர்க்கு, மென்பொருள் எழுதுவோர்க்கு என நான்கு. ஐந்தாவது 'ஓப்பன் சீசன்'. அதில் தடைகளைத் தளர்த்தி விடுவார்கள். நீங்கள் சொல்லும் உலா அதுதான்!" என்றாள். நம் திறனாய்வை விட அவளது விடை கூர்மையானது.

குறைகளையும் அவள் மறைக்கவில்லை. 'உலா'வின் அடித்தளம் குரோமியம். அது கூகுள் தொடங்கி வைத்த திறந்தமூல மென்பொருள். எட்ஜ், ஓப்பரா, பிரேவ் ஆகியவையும் அதன்மேல் எழுந்தவையே. எனவே, 'முற்றிலும் உள்நாட்டுப் படைப்பு' என முழங்குவது மிகை என்கிறாள். நாமும் உடன்படுகிறோம், ஆனால் இரவல் வாங்குவதில் இழிவில்லை. நம் மாவட்டத்துக் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் நிறுவிய பெரியநாயகி அன்னையைத் தமிழ்ப்பெண்ணின் கோலத்தில்தானே வணங்குகிறோம்? வெளியிலிருந்து வந்ததை நம்முடையதாக்கிக் கொள்வது நமக்குப் புதிதன்று. வந்த வழியை மறவாதிருப்பதே நேர்மை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. எந்த உலாவியும் நாமே கொடுப்பதைக் காக்க இயலாது. ஒரு தளத்தில் பெயரும் எண்ணும் தந்து உள்நுழைந்தால், அத்தளம் நம்மை அறியத்தான் செய்யும். எத்தளத்திற்குச் சென்றோம் என்பதை இணைய இணைப்புத் தரும் நிறுவனம் அறிந்துகொள்ள இயலும். 'மறைநிலை' எனப் பிற உலாவிகள் தரும் வசதியும், முதன்மையாக, நம் கணினியில் தடத்தை வைக்காதிருப்பதேயன்றி வெளியார் கண்ணை முற்றும் மறைப்பதன்று. மேலும், பின்தொடர்வோரைத் தடுக்கும் நிறுவனத்தின்மீது நாம் வைப்பதும் ஒரு நம்பிக்கையே. அதனை ஆண்டுதோறும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவள் எழுதியிருப்பது முதிர்ந்த கருத்து.

அவள் எழுதாது விட்ட ஒன்றை நாம் சேர்க்க விரும்புகிறோம். கணினி கற்றவள் தனக்கான தடுப்பைத் தானே தேடிக்கொண்டாள். கடனுக்கு வழி தேடிய தாய்க்கு அதைச் சொல்வார் யார்? அந்தத் தாயின் கைப்பேசியில் இதனை நிறுவி, செயலிகள் கேட்கும் அனுமதிகளுள் எவற்றை மறுக்கலாம் என்பதை மாணவியே ஒரு மாலைப்பொழுதில் சொல்லித் தந்தாள். நம் பங்கு அலுவலகக் கணினியிலும் இப்போது 'உலா' இருக்கிறது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருவோர் அதனைப் பயன்படுத்துகின்றனர். ஞாயிறு திருப்பலிக்குப்பின் அரைமணி நேரம் அம்மாணவி அங்கு இருப்பாள். வீட்டில் கைப்பேசி உள்ளவர்கள் அதனோடு வரலாம்.