தெங்கும் முடத்தெங்கும்

தமிழ் நீதிநூல்களும் இலக்கணப் பாயிரங்களும் தோட்டத்தினின்றும் எடுத்தாளும் உவமைகள் பல. அவற்றைக் கற்பிக்குங்கால் சொற்பொருள் கூறி, உவமை அணியைச் சுட்டி, நீதியைத் தொகுத்துரைத்து அமைவது நம் வகுப்பறை வழக்கம். அவ்வழக்கம் போதியதன்று என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம். ஒரே மரம் இரு நூல்களில் ஒன்றற்கொன்று மாறுபட்ட இரு நீதிகளுக்குச் சான்றாக நிற்கின்றது. அங்ஙனமாயின், இயற்கை நமக்கு நீதி கற்பிக்கின்றது என்று பொதுப்படக் கூறுவதால் பயன் என்னை? இயற்கையை எந்நிலையில் நின்று, எத்தொழிலைச் செய்துகொண்டு கண்டார் என்பதன்றோ ஆராயத்தக்கது?

இருவேறு தெங்கு

மூதுரையின் முதற்பாட்டு நன்றி செய்தார்க்கு நம்பிக்கை ஊட்டுவது. ஒருவற்குச் செய்த நன்மை என்று மீளுமோ என்று ஐயுறல் வேண்டா. தென்னை தன் அடியால் உண்ட நீரைத் தன் முடியால் தருதல் காண்க என்பது அதன் கருத்து. நீர் விடுவோன் காலடியில் விடுகின்றான். மரம் காலந்தாழ்த்தேனும் தலைமேல் இளநீராகத் தருகின்றது. கொடுத்ததினும் இனிதாகத் திரும்புகின்றது என்பதும் இவ்வுவமையில் உள்ளடங்கிய பொருளாம்.

நன்னூற் பொதுப்பாயிரத்தில் வருவது வேறொரு தென்னை. ஆசிரியர் ஆகாதார்க்குப் பவணந்தி முனிவர் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமை கூறுகின்றார். பல்லாற்றானும் உதவி வழிபட்டோர்க்குப் பயன்படாது பிறர்க்குப் பயன்படுவோன் முடத்தெங்கு ஆவான். நீர் விட்டு வளர்த்தவன் ஒருவன். மரமோ வேலி கடந்து வளைந்து அயலான் முற்றத்திற் காயை உதிர்க்கின்றது.

இவ்விரண்டையும் தனித்தனியே கற்பார்க்கு முரண் தோன்றாது. ஒருங்கு வைத்துக் கற்பார்க்குத் தோன்றாமற் போகாது. மூதுரை சொல்லாது கொண்ட ஒரு கருத்து உண்டு. நீர் விட்டவனே காய் பறிப்பான் என்பதே அது. நன்னூல் உடைப்பது அக்கருத்தையே. இரண்டு தென்னையும் உண்ட நீரைத் திரும்பத் தருகின்றன. யாருக்குத் தருகின்றன என்பதிற்றான் வேறுபாடு. ஆகவே கைம்மாறு உண்டா இல்லையா என்பதன்று வினா. கைம்மாறு எவ்விடத்து விழும் என்பதே வினா.

எல்லைப்புறத்து வகுப்பறை

இவ்வினா எமக்கு நூலகத்தில் எழுந்ததன்று. கிருட்டிணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரியினின்றும் பிரிந்தது. அதன் வடமேற்கு எல்லையில், கடல்மட்டத்தினின்றும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கன்னட நாட்டை ஒட்டி நிற்பது ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின் அவ்வூரின் இயல்பு மாறிற்று. உழவர் மக்கள் ஆலைகளில் முறைவேலை செய்வாராயினர். தமிழொடு தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்குவன. அப்பகுதியிலிருந்து வரும் மாணவர்க்கு நன்னூல் கற்பிக்கையில், முடத்தெங்கு யாது என வினவினோம். உரையை வழுவின்றி ஒப்பித்தனர். கண்டவர் உளரோ என வினவினோம், விடையில்லை.

சிறிது நேரங் கழித்து ஒரு மாணவி எழுந்து சொன்னாள்: “ஐயா, தென்னையை நான் கண்டதில்லை, எங்கள் மாந்தோப்பு அப்படித்தான் இருந்தது. தண்ணீர் விட்டது எங்கள் பாட்டி. பூக்கும்போதே குத்தகைக்கு விட்டுவிடுவோம். காய்த்தபின் வேலிக்குள் நாங்கள் போகக்கூடாது.”

கிருட்டிணகிரி வட்டாரத்தை அறிந்தார்க்கு இதில் வியப்பில்லை. அங்கு மிகுதியாக விளைவது பெங்களூரா என்னும் மாவகை. மாங்கூழ் ஆலைகளுக்குப் பெரிதும் செல்வதும் அதுவே. காய் முற்றுமுன்னரே, சிலவிடத்துப் பூவிலேயே, தோப்பின் பலனை வணிகர்க்கு விலைபேசி விடுதல் அங்கு வழக்கம். பலன் நன்றாயின் ஆதாயம் குத்தகை எடுத்தவர்க்கு. பூ உதிர்ந்து காய் பொய்த்தால் இழப்பும் அவர்க்கே. எனவே இதனை வஞ்சனை என்றல் பொருந்தாது. இடர் ஏற்பவர்க்கு அவ்விடரை விற்றல் என்றலே தகும். ஆயினும் நீர் விட்டவர் கனி காணாமை உண்மை. மாணவி அடுத்துக் கேட்டதே எம்மை நிறுத்தியது: “அப்படியானால் அந்தத் தென்னையை வெட்டிவிட வேண்டுமா, ஐயா?”

தெங்கு முடமாதல் ஏன்?

இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு முன் தென்னை ஏன் சாய்கின்றது என அறிதல் வேண்டும். தென்னை ஒளியை மிக விரும்பும் மரம். சுவரை அடுத்தோ பெருமரத்தின் நிழலிலோ நட்ட கன்று வெளிச்சம் உள்ள பக்கம் நோக்கி வளரும். சாய்ந்த அடிமரம் முற்றியபின் நிமிராது. நுனி மட்டுமே மேல்நோக்கி எழும். ஒரு தென்னைக்கும் மற்றொன்றிற்கும் இடையே 25 அடி விடுதல் வேண்டும் எனத் தோட்டக்கலை வல்லார் கூறுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இங்ஙனமாயின் குற்றம் மரத்தினதோ, நட்டவனதோ? உவமை ஒருபுடை ஒப்புமையே கொள்ளும். எல்லாப் பண்பும் பொருந்துமாறு வலிந்து காணல் முறையன்று என்பதனை யாம் மறந்தேமல்லேம். பவணந்தியார் கருதியது பயன் செல்லும் திசையையே, சாய்வின் காரணத்தையன்று. அவர் கூற்றிற் குறை காணல் எம் கருத்தன்று. ஆனால் உவமையை வாழ்க்கைக்கு அறிவுரையாகக் கொள்ள முற்படுவோர்க்குக் காரணமும் வேண்டும். பழிக்க விரும்புவோன் திசையை அறிந்தாற் போதும். திருத்த விரும்புவோன் காரணத்தையும் அறிந்தாக வேண்டும்.

அக்காரணத்தை நன்னூலாரே பிறிதோரிடத்திற் காட்டியுள்ளார் என்பது எம் கருத்து. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றை உவமை கூறுமிடத்து, நிலத்தின் மாண்புகளுள் ஒன்றாக, பருவத்தும் உழவன் முயற்சியளவிற்கு ஏற்பவும் பயன் தருதலைச் சேர்க்கின்றார். தானே தருவது என்றாரல்லர். முயல்வார்க்குத் தருவது என்றாரல்லது பருவமும் வேண்டாதொழிந்தாரல்லர். ஆகவே ஒரே பாயிரத்துள் நிலமும் முடத்தெங்கும் எதிரெதிர் நிற்கின்றன. முன்னது பேணுவார் முயற்சிக்கு அளவாகப் பயப்பது. பின்னது அம்முயற்சி தவறிய இடத்திற் பயப்பது. ஒன்றை நீக்கி மற்றொன்றைப் படித்தல் பாயிரத்தைப் பாதியாகப் படித்தலாம்.

காப்பு என்னும் சொல்

மூதுரையின் நம்பிக்கையையும் நன்னூலின் முறையீட்டையும் இணைக்கும் பாலம் திருக்குறளில் உளது. உழவு என்னும் 104ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் உழவுத் தொழில்களை வரிசைப்படுத்துகின்றார். உழுதலினும் எருவிடுதல் நன்று. களை கட்டபின் நீர் பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் நன்று என்கின்றார். விலங்கு முதலியவற்றால் அழிவு நேராது காத்தலே ஈண்டுக் காப்பு. மூதுரைத் தென்னைக்கும் நன்னூல் தென்னைக்கும் நீர் குறைவின்றி வாய்த்தது. வேறுபாடு நீரால் வந்ததன்று. நீரினும் காப்பை உயர்த்தி வைத்த வள்ளுவர் கூற்றின் ஆழம் இரு தென்னைகளையும் உடன்வைத்து நோக்குவார்க்கே புலனாகும்.

எல்லைப்புறத்து உழவர்க்கு இச்சொல் உரை வேண்டாது விளங்கும். பன்னர்கட்டாக் காட்டினின்றும் யானைக்கூட்டம் ஆண்டுதோறும் சவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருதலும், கேழ்வரகு முற்றும் பருவத்தில் அவை கொல்லைகளிற் புகுதலும் அங்குள்ளார் அறிந்தவை. பல திங்கள் பேணிய பயிர் ஓரிரவிற் போகும். பரண்மீது விழித்திருப்பவனுக்கு நீரினும் காப்பு நன்று என்பது தன் கண்ணின் எரிச்சலால் அறிந்த உண்மை.

அதே அதிகாரம், நிலத்துக்குரியவன் நாள்தோறும் சென்று பாரானாயின் நிலம் மனையாள்போல் ஊடும் என்றும் கூறுகின்றது. காப்பு என்பது வேலி மட்டுமன்று. அணித்தே சென்று காண்டல். கன்று சாயத் தொடங்குங்கால் கண்டவனே அதற்கு முட்டுக் கொடுக்கவோ நிழலை அகற்றவோ வல்லன். பத்தாண்டு கழித்துக் கண்டவன் அயலான் முற்றத்திற் காய் விழுதலையே காண்பான்.

பருவம் பற்றிய ஒரு தடை

இக்காலத் தோட்டம் பருவத்தை வென்றுவிட்டது. ஆதலின் பழைய உவமைகள் பயனற்றன என்பாரும் உளர். அவர் காட்டும் சான்றும் ஓசூரிலேயே உளது. பசுமைக்குடில்களில் வளரும் ரோசா மலர்கள் பிப்ரவரி 14ஆம் நாளை முன்னிட்டு வெளிநாடு செல்கின்றன. மரங்கள் தம் பருவத்திலன்றிப் பழா என்னும் மூதுரைக் கருத்து இங்குப் பொய்த்ததோ எனின், அன்று. அந்நாளுக்கு மலர் வேண்டுவோர் டிசம்பரிலேயே செடியைக் கவாத்துச் செய்கின்றனர். வெட்டிய கணுவினின்றும் தளிர் எழுந்து அரும்பாக ஆறேழு கிழமை ஆகும் என்பதை அறிந்து, நாளைப் பின்னோக்கி எண்ணிச் செய்கின்றனர். எண்ணிக்கை ஒரு கிழமை தவறின் மலர் உண்டு, வாங்குவோர் இல்லை. அவர் பருவத்தை வென்றாரல்லர்; முன்னையோரினும் நுட்பமாக அதற்குப் பணிந்தார். மூதுரை பொறுத்திரு என்று மட்டும் கூறுவதாகக் கொள்வார்க்கே இத்தடை எழும். காலத்தை அறிந்து செய் என்பதாகக் கொள்வார்க்கு எழாது.

இழப்பும் கொடையும்

இனி, மாணவியின் வினாவிற்கு வருவோம். நீர் விட்டவர்க்குப் பயன்படாத மரமெல்லாம் முடத்தெங்கு ஆமோ? ஆமெனின், இவ்வட்டாரத்தின் பழம்புகழ் ஒன்றையும் நாம் இழக்க நேரும். தகடூர் இன்றைய தருமபுரி. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாட்டிற் பாடுகின்றார். மூதுரை பாடிய ஔவையார் இவரின் வேறாய்ப் பிற்காலத்தவர். அஞ்சியின் முன்னோர் பெறற்கரிய கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்த செயலை அப்பாட்டுப் போற்றுகின்றது. வேற்றுநாட்டுப் பயிரைக் கொணர்ந்து நட்டவர் அதன் இனிமையில் எத்துணை நுகர்ந்திருப்பர்? நாடு முழுதும் வழிவழி நுகர்ந்தது. கண்ணோட்டம் குறைந்தவர் இதனையும் முடத்தெங்கு எனலாம்; புலவர் புகழ் என்றார்.

வேறுபாடு யாது? கரும்பு கொணர்ந்தார் பிறர் உண்பர் என்று தெரிந்தே கொணர்ந்தார். முடத்தெங்கின் உடையவனோ தெரியாது இழந்தான். தெரிந்து கொடுப்பது கொடை. காவாது போக்குவது இழப்பு. இரண்டிலும் கனி அயலார் கைக்கே செல்கின்றது. கொடுத்தவன் நெஞ்சமும் விழிப்புமே அவற்றை வேறாக்குகின்றன. நெல்லுக்குப் பாயும் நீர் வாய்க்கால் வழியே புல்லுக்கும் பொசியும் என்னும் மூதுரைப் பாட்டும் இவ்விரண்டிற்கும் இடையே வைத்து எண்ணத்தக்கது. ஆண்டுக் கொடுப்பவன் கருதியதும் கருதாததும் ஒரே நீரில் ஓடுகின்றன.

ஆகவே யாம் அம்மாணவிக்குக் கூறிய விடை இது: வெட்டவேண்டா. முற்றிய மரம் நிமிராது. அதன் காயை அயலாரோடு பகிர்ந்துகொள்ளும் முறையைப் பேசி முடித்துக்கொள். அடுத்த கன்றை வெயிலில் நடு. நாள்தோறும் சென்று பார். பாட்டியின் தோப்பு இடரைப் பிறர்க்கு விற்றுக் குடியைக் காத்த தோப்பு. அதனை முடத்தெங்கு என்று நாணவேண்டா. அவள் சிறிது எண்ணிப் பின் அமர்ந்தாள். உடன்பட்டாளோ என்பதை யாம் அறியோம்.

தோட்ட உவமைகள் ஆலைப்பகுதி மாணவர்க்கு அயன்மையாகிவிட்டன என வருந்துவார்க்கு ஒன்று கூறுவோம். அவர்கள் மறந்தது தென்னையை அன்று. தென்னையைப் பற்றிய வினாவை. உரையோடு நிற்கும் நம் கற்பித்தல் முறையே அதனை மறக்கச் செய்தது. மூதுரை, நன்னூல், குறள், புறநானூறு ஆகிய நான்கையும் ஒரு மரத்தின் அடியில் வைத்துக் கற்பித்தால், அவை நான்கு அறிவுரைகளாகாது ஒரே வழக்கின் நான்கு சான்றுகளாக நிற்கும். அவ்வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் பொறுப்பு மாணவர்க்கே உரியது. அப்பொறுப்பை அவர் கையிற் சேர்ப்பதே நம் கடன் என்பது எம் துணிபு.