ஏணிப் பாணியும் ஒற்றை பிட் பாணியும்

டிஜிட்டல் இசையை மின்னலையாக்கும் டாக் என்ற கருவியை வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் தனி ஆவர்த்தனத்தையோ, வீடு அதிரும் சினிமாப் பாட்டையோ பென் டிரைவில் போட்டுக்கொண்டு போவார்கள். நான் தம்புரா மட்டும் ஒலிக்கும் பதிவு ஒன்றைக் கொண்டுபோவேன். நான்கு தந்தி, பத்து நிமிடம், வேறொன்றும் கிடையாது. கடைப் பையன்களுக்குப் பொறுமை போய்விடும். "பாட்டு எப்ப சார் வரும்?" என்று ஒருவன் கேட்டே விட்டான்.

தம்புரா பார்க்கத்தான் சாது. ஒரு மேற்சுரத்தின் கணு விழும் இடத்தில் தந்தியை மீட்டினால் அந்த மேற்சுரம் எழக் கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியலின் பழைய விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று கல்கத்தாவிலிருந்த சி.வி. ராமன் 1921-இல் எழுதினார். குதிரையின் அகன்று வளைந்த முகமும், தம்புராவில் அதன்மேல் தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூலும் செய்கிற வேலை அது. நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் நாதத்தின் முகமே மாறிவிடும். அந்த மயிரிழை வித்தியாசம் டாக்கைக் கடந்து என் காதுக்கு வருகிறதா என்பதுதான் பரீட்சை. இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. போனில் செருகுகிற, விரல் நீளம்கூட இல்லாத மலிவு டாங்கிளில்கூட இன்று அது வந்துவிடுகிறது.

அப்படியானால் "இந்த டாக் பாட்டாக ஒலிக்கிறது, அந்த டாக் வறட்டு டாக்" என்று ரசிகர்கள் மல்லுக்கு நிற்பது எதற்காக? ஒரு மலருக்காகப் பாணிகளைப் பற்றி எழுதச் சொன்னதும் எனக்கு இந்தச் சண்டைதான் நினைவுக்கு வந்தது. வாய்ப்பாட்டில் உள்ளதைப்போல இதிலும் பாணி உண்டு, குரு உண்டு, சீடர் உண்டு, வீம்பும் உண்டு.

சி.டி.யில் இருப்பது வெறும் எண். ஒவ்வொரு சேனலுக்கும் விநாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. அதை மின்னழுத்தமாக்கி ஆம்ப்ளிஃபையர் கையில் கொடுப்பது டாக். 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் சி.டி.பி.-101 பிளேயரில் 16 பிட் டாக் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இடது சேனலுக்கு ஒரு தரம், வலது சேனலுக்கு ஒரு தரம் என்று அது மாறி மாறி உழைத்தது. அதனால் ஒரு சேனல் மற்றதைவிட ஏறக்குறைய 11 மைக்ரோ விநாடி பிந்தியது. ஒரு ஸ்பீக்கரை 4 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். சோபாவில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலே அதைவிடப் பெரிய பிசகு வரும்.

ஃபிலிப்ஸின் கதை வேறு. வட்டு 16 பிட் என்று முடிவானபோது அவர்கள் கையில் இருந்ததோ டி.டி.ஏ.1540 என்ற 14 பிட் சில்லு. நான்கு படிக்கு ஒரு படிதான் இருக்கிறது. அவர்கள் செய்தது நல்ல தந்திரம். எண்களை நான்கு மடங்கு வேகத்தில், அதாவது விநாடிக்கு 1,76,400 ஆக்கி ஓட்டினார்கள். படி குறைவால் எழும் இரைச்சலைக் காது எட்டாத உயரத்துக்குத் தள்ளினார்கள். 14 பிட் சில்லு ஏறத்தாழ 16 பிட்டுக்கு ஈடாக நின்றது. ஓவர்சாம்ப்ளிங் என்று இன்று பெரும்பாலான டாக்குகளில் இருக்கிற வித்தை, வீட்டு ஒலிக்கருவிக்குள் இப்படித்தான் நுழைந்தது. கையில் இல்லாதவன் கண்டுபிடித்த வழி அது.

ஃபிலிப்ஸ் 1985 வாக்கில் கொண்டுவந்த 16 பிட் டி.டி.ஏ.1541, அதன் பின் 1541ஏ, இவைதான் பல பிட் சம்பிரதாயத்தின் பூஜையறைப் படங்கள். உள்ளே மின்னோட்ட மூலங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் அடுத்ததற்குச் சரிபாதியாக இருந்தாக வேண்டும். சிலிக்கானில் அப்படி அச்சாக வராது. ரூடி வான் டி பிளாஷ் என்ற ஃபிலிப்ஸ் பொறியாளர் அவை ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும்படி அமைத்தார். கல்யாணப் பந்தியில் ஒருவர் தாராளமாகப் பரிமாறுவார், ஒருவர் கை இறுக்கம். ஒவ்வொரு வரிசைக்கும் ஆளை மாற்றி மாற்றி அனுப்பினால் கடைசியில் எல்லா இலையிலும் ஏறத்தாழ ஒரே அளவு விழும். அதே கணக்கு. அந்த ஏற்ற இறக்கத்தை ஆற்றுவதற்கென்றே சில்லைச் சுற்றி 14 கெபாசிட்டர்கள் நிற்கும். பழைய பிளேயரைத் திறந்தால் அந்த அணிவகுப்பை வைத்தே 1541-ஐ அடையாளம் சொல்லிவிடலாம். சோதனையில் நன்றாகத் தேறிய சில்லுகளின் முதுகில் கிரீடம் அச்சிட்டு எஸ்1 என்று விற்றார்கள். இன்று அவற்றுக்கு ஏகப்பட்ட கிராக்கி. கிரீடம் அச்சிட ஓர் அச்சு இயந்திரம் போதும் என்பதால் போலிகளுக்கும் பஞ்சமில்லை.

அடுத்து வந்த ஒற்றை பிட் பாணி, சில்லறைச் செலவில் பெரிய வேலை முடித்தது. ஃபிலிப்ஸ் அதற்கு பிட்ஸ்ட்ரீம் என்று பெயர் வைத்தது, மாட்சுஷிடா என்.டி.டி.யோடு சேர்ந்து மேஷ் என்றது. 65,536 படியை ஒழுங்காகச் செதுக்குவதற்குப் பதில் இரண்டே நிலை, ஆனால் 256 மடங்கு வேகம். செதுக்கல் வேலையே இல்லாததால் விலை விழுந்தது. விலை விழுந்ததாலேயே பழைய ஆட்கள் இதை இளக்காரமாகப் பேசினார்கள். அது அநியாயம் என்பது என் கட்சி. இன்று கடையில் கிடைக்கும் டாக்குகளில் முக்கால்வாசி இந்த வம்சம்தான். ஒற்றை பிட் சில பிட்டுகளாக வளர்ந்து டெல்டா-சிக்மா என்ற பெயரில் ஈ.எஸ்.எஸ்., ஏ.கே.எம். சில்லுகளில் வாழ்கிறது. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோக்காவில் ஏ.கே.எம். தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தபோது உலகத்து டாக் தயாரிப்பாளர்கள் பலர் கையைப் பிசைந்துகொண்டு, போர்டை மாற்றி வரைந்து ஈ.எஸ்.எஸ். பக்கம் போனார்கள். "சில்லுதான் ஆத்மா" என்று அதுவரை விளம்பரம் எழுதியவர்கள், மாற்றிய சில்லிலும் தங்கள் நிறுவனத்தின் ஒலி அப்படியே இருப்பதாக எழுதினார்கள். தெரியாமல் சொன்ன உண்மை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

1990-களின் பிற்பாதியில் ஜப்பானில் ஒரு கலகம் கிளம்பியது. ரியோஹெய் குசுனோகி என்பவர் எம்.ஜே. இதழில், ஓவர்சாம்ப்ளிங்கும் வேண்டாம், டிஜிட்டல் ஃபில்டரும் வேண்டாம், வட்டில் உள்ள எண்ணை உள்ளபடி மாற்றிவிடு என்று வாதிட்டார். நாஸ் என்று ரசிகர்கள் சுருக்கி அழைப்பது இதைத்தான். ஃபிலிப்ஸின் கடைநிலைச் சில்லான டி.டி.ஏ.1543-ஐ வைத்து 47 லேப்ஸ் விலை உயர்ந்த பெட்டி செய்தது. இங்கிலாந்தில் ஆடியோ நோட் இதே நெறியைப் பிடித்துக்கொண்டு வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்த்தது. இந்தப் பாணியைக் கேட்டவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சொல் 'இதம்'. எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த இதத்துக்குக் கணக்கு இருக்கிறது. அடுத்த எண் வரும்வரை ஒவ்வோர் எண்ணையும் அப்படியே பிடித்து வைத்திருப்பதால் மேல் ஸ்தாயி தானாகச் சரியும். 10,000 ஹெர்ட்ஸில் முக்கால் டெசிபல், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3.2 டெசிபல். ஓவர்சாம்ப்ளிங் பாணிகளில் இந்தச் சரிவு பெரும்பாலும் நிகழாது. மிஞ்சியதை ஃபில்டர் ஈடுகட்டிவிடும். நாஸ் அதை அப்படியே விட்டுவிடுகிறது. கஞ்சிராவின் சலங்கை கொஞ்சம் அடங்கும். வயலினில் வில் உரசும் சீறல் கொஞ்சம் குறையும். மைக்கை மூக்குக்கு நேரே வைத்துப் பதிந்த கச்சேரிகளுக்கு இது மருந்து. வானொலி நிலையத்து நாடாவிலிருந்து எடுத்த பழைய பதிவுகளில் அந்த உயரத்தில் இருப்பது பெரும்பாலும் நாடாவின் சீறல்தான் என்பதால், அங்கே நாஸ் பெட்டி பாதி இரைச்சலைத் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். இதைப் 'பாட்டாக இருக்கிறது' என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. டிரெபிள் குமிழை ஒரு நூல் குறைத்தாலும் கிட்டத்தட்ட அங்கேதான் போய் நிற்போம் என்று சொன்னால் நாஸ் அன்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். என்னிடமும் 1543 பெட்டி ஒன்று இருக்கிறது. வானொலிக் கச்சேரிகளுக்கு மட்டும் அதை எடுப்பேன்.

நேர் எதிர்த் திசையில் போனவர் ராப் வாட்ஸ். கார்ட் நிறுவனத்துக்காகக் கடையில் கிடைக்கும் டாக் சில்லை ஒதுக்கிவிட்டு நிரல் எழுதி வேலை வாங்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் தாமே எழுதிய ஃபில்டரைப் பொருத்தினார். எண்களுக்கு இடைப்பட்ட அலையை முழுமையாக மீட்க ஃபில்டர் முடிவில்லாத நீளம் இருக்க வேண்டும் என்பது கணிதம். அதை எவ்வளவு நெருங்க முடியுமோ நெருங்குவது அவர் நெறி. டேவ் மாடலில் ஃபில்டரின் நீளம் 1,64,000 டேப். பின்னால் வந்த எம் ஸ்கேலரில் 10 லட்சத்துக்கு மேல். மிருதங்கத்தின் சாப்பு எப்போது தொடங்குகிறது என்பதில் காது கூர்மையானது, அதற்காகவே இத்தனையும் என்பது வாதம். சாதாரண ஃபில்டரில் அடிக்கு முன்னும் பின்னும் ஒரு சிறு அதிர்வு வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அதிர்வு 22,000 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. அறுபதைத் தாண்டிய நான் அதைக் கேட்டேன் என்று சொன்னால் என் காது டாக்டரே சிரிப்பார்.

மீண்டு வந்த ஏணிப் பாணி ஒன்றும் உண்டு. சில்லையே ஒதுக்கிவிட்டு ஆர், 2ஆர் என்ற இரண்டே மதிப்புள்ள ரெசிஸ்டர்களைத் தனித்தனியாக போர்டில் ஏணிபோல அடுக்குவது. கலிஃபோர்னியாவின் எம்.எஸ்.பி., சீனத்து ஹோலோ ஆடியோ, டெனாஃப்ரிப்ஸ் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. திறந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் 16 பிட் ஏணி நேராக நிற்கவே மேல்படி ரெசிஸ்டர் 0.0015 விழுக்காட்டுக்குள் துல்லியமாக வேண்டும். இந்தப் பெட்டிகளில் வழக்கமாக வரும் ரெசிஸ்டர்கள் 0.01, 0.005 விழுக்காட்டு ரகம். மீதியைத் திருத்தல் கணக்குகளால் சமாளிக்கிறார்கள், சாமர்த்தியமாகவே சமாளிக்கிறார்கள். பெட்டியின் முகத்தில் 24 பிட் என்று பொறித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த ஏணியின் கீழ்ப்படிகள் ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சலிலேயே மூழ்கிக் கிடக்கின்றன.

அளவுகோல் என்று வந்தால் இன்று ஆட்சி செய்வது சினாட் என்ற எண். இரைச்சலும் சிதைவும் சேர்ந்து இசைக்கு எவ்வளவு கீழே இருக்கின்றன என்று அது சொல்லும். நல்ல டாக்குகள் 120 டெசிபலைத் தொட்டுவிட்டன. 16 பிட் வட்டே 98 டெசிபலுக்கு மேல் தராது. நாம் உருகி உருகிக் கேட்கும் நாடாப் பதிவுகள் அதற்கும் வெகு கீழே. 110-க்கும் 120-க்கும் நடுவில் பந்தயம் வைப்பவர்கள் பொறியியலை ரசிக்கிறார்கள். ரசிக்கட்டும், அதுவும் ஒரு ரசனைதான்.

காதை வைத்தே அளந்தவர்களும் உண்டு. பாஸ்டனைச் சேர்ந்த மேயரும் மொரானும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், உயர்தர எஸ்.ஏ.சி.டி. ஒலியின் வழியில் 16 பிட் மாற்றும் கருவி ஒன்றை நுழைத்தும் விலக்கியும் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. லண்டனில் ஜாஷுவா ரீஸ் 2016-இல் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டபோது 52.3 விழுக்காடு வந்தது. பூவா தலையா போட்டால் 50. அந்த 2.3-ஐ வைத்துக்கொண்டு இரு கட்சிகளும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்கின்றன.

எனக்கு ஞானம் வந்தது மயிலாப்பூரில், ஒரு நண்பர் வீட்டில். ஏணிப் பெட்டி ஒன்று, டெல்டா-சிக்மா பெட்டி ஒன்று, பைரவி அட தாள வர்ணம் ஒன்று. மூன்று பேர் கேட்டோம். மூவருக்கும் ஏணிதான் பிடித்தது. "ரத்தமும் சதையுமா இருக்கு ஓய்" என்றார் நண்பர். நான் இன்னும் மோசம். நோட்டில் 'காந்தாரத்தில் ஈரம்' என்று எழுதி வைத்தேன். காலேஜிலிருந்து வந்த அவர் பெண் சற்று நேரம் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "மாமா, ரெண்டும் ஒரே சத்தத்துல இல்லையே" என்றாள். உள்ளே போய் மல்டிமீட்டரை எடுத்து வந்தாள். வர்ணத்தை நிறுத்தி 400 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் முள்ளை வைத்தாள். டெல்டா-சிக்மா 2.00 வோல்ட். ஏணி 2.26.

ஒரு டெசிபலுக்குச் சற்று அதிகம். அந்த அளவு வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூடுதல்' என்று சொல்லாது. 'உயிர் கூடுதல்' என்று சொல்லும். சி.டி. பிளேயர்கள் 2 வோல்ட் கொடுப்பது வழக்கம் என்று பேர். தனி டாக்குகள் 2.2, 2.5 என்று ஏற்றிவிடுகின்றன, பேலன்ஸ்டு முனையில் 4-உம் அதற்கு மேலும் வரும். அவள் வால்யூம் குமிழைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கோடு போட்டாள், இந்தப் பெட்டிக்கு இது, அந்தப் பெட்டிக்கு அது என்று. எங்களைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி 16 முறை மாற்றிப் போட்டாள். நான் 9 முறை சரி. காந்தாரத்து ஈரம் இருந்த பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துவிட்டேன்.

அதன் பிறகு நான் டாக் பார்க்கும் முறை மாறிவிட்டது. பாணியைக் கடைசியில்தான் கேட்பேன். கம்ப்யூட்டரோடு யு.எஸ்.பி.யில் இணைத்ததும் 'கிர்' என்று தரைச்சுற்று இரைச்சல் வருகிறதா? ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்கும்போது வால்யூம் இரு காதுக்கும் சமமாக இறங்குகிறதா? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ரிலே 'டக்' என்று அடித்துக் கழுத்தறுக்கிறதா? இவை மூன்றும் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரிபவை. இந்த மூன்றிலும் தேறினால் தம்புராவைப் போட்டுவிட்டுப் பையனோடு பேச்சுக் கொடுப்பேன். பேச்சு தடைபட்டு நான் தம்புராவைக் கவனிக்கத் தொடங்கினால் அந்தப் பெட்டியின் விலையைக் கேட்பேன்.

நண்பர் ஏணிப் பெட்டியையே வைத்துக்கொண்டார். அதன் பெட்டி அழகு, பின்பக்க ரெசிஸ்டர் வரிசை அதைவிட அழகு, காரணம் போதும். ஸ்கெட்ச் பேனாக் கோடுகள் இன்னும் அழியவில்லை. நான் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், குமிழ் இரண்டாவது கோட்டையும் தாண்டித்தான் நிற்கிறது.