ஓட்டம் உண்டு, ஒளி இல்லை!

எடுத்தால் கீழே வைக்க இயலாத நூல் என்றனர். உண்மைதான், வைக்க இயலவில்லை. ஆனால், படித்து முடித்து வைத்தபோது கையிலும் ஒன்றுமில்லை, கருத்திலும் ஒன்றுமில்லை!

அமெரிக்க எழுத்தாளர் டான் பிரவுன் 2003-இல் வெளியிட்ட 'தி டாவின்சி கோட்' எனும் புதினத்தைத்தான் குறிப்பிடுகிறோம். கோடிக்கணக்கில் விற்பனையான ஏடு. அதன் திரைப்படத்துக்கு 2006-இல் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டே சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. மதபீடம் சீறுகிறதென்றால் அந்நூலில் மதியை வளர்க்கும் கருத்து இருக்கும் என்று பகுத்தறிவு இளைஞர் எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணத்தை உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

பாரிசின் லூவர் அருங்காட்சியகக் காப்பாளர் கொல்லப்படுகிறார். சாகுமுன் அவர் விட்டுச் சென்ற புதிர்களைப் பேராசிரியர் லாங்டனும், காப்பாளரின் பேர்த்தி சோஃபியும் அவிழ்த்துக்கொண்டே ஓடுகின்றனர். நூற்றைந்து அத்தியாயங்கள், பெரும்பாலானவை சின்னஞ்சிறியவை. ஒரு கதவு திறக்கும். உள்ளே என்ன என்று அறியுமுன் அத்தியாயம் முடியும். விறுவிறுப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த விரைவு எதற்கு? நின்று சிந்திக்க நேரம் கிடைத்தால் வாசகன் கேள்வி கேட்டுவிடுவானே, அதற்காகவா?

கேட்டுப் பார்ப்போம். 1099-இல் நிறுவப்பட்ட சீயோன் மடம் உண்மையான அமைப்பு என நூலின் முகப்பிலேயே சத்தியம் செய்கிறார் ஆசிரியர். பிரான்சு நாட்டின் அன்னமாஸ் ஊரில் 1956-இல் பியேர் பிளாந்தார் என்பவர் தோற்றுவித்த சங்கம் அது! அதன் பழம்பெருமைக்குச் சான்றாகக் காட்டப்படும் ஏடுகளோ, 1960-களில் பிரான்சின் தேசிய நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட போலிகள். 325-இல் கூடிய நைசியா மாமன்றத்தில் ஏசுவின் தெய்வத்தன்மை நெருக்கமான வாக்கெடுப்பில் முடிவாயிற்று என்கிறது கதை. அங்கே இருநூற்றுக்கு மேற்பட்ட ஆயர்கள் கூடினர். அறிக்கையில் ஒப்பமிட இறுதிவரை மறுத்தவர் இருவரே.

சூனியக்காரிகள் எனப் பழி சுமத்தி ஐம்பது இலட்சம் பெண்களைத் திருச்சபை எரித்தது என்றும் எழுதுகிறார். வரலாற்றறிஞர் மதிப்பிடுவது நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் உயிர்கள். இந்தக் கொடுமை போதாதா? இதை ஏன் பெருக்க வேண்டும்? பெருக்கிய பொய்யைச் சுட்டிக்காட்டியே, மெய்யாக நடந்த கொலைகளையும் மறைத்துவிடுவார்களே! புரட்டை எதிர்க்கப் புரட்டைத் துணைக்கழைப்பவன், எதிரியின் கையில் வாளைக் கொடுப்பவன் ஆவான்.

பெண்மையைப் போற்றும் நூல் என்று பறைசாற்றுகின்றனர். சோஃபி யார்? காவல்துறையின் மறையெழுத்து வல்லுநர். ஆயினும் கதையில் அவர் செய்யும் பெரும்பணி, இரண்டு ஆடவர் நிகழ்த்தும் சொற்பொழிவுகளை வியந்து கேட்பது! கடைசியில் அவருக்குக் கிடைக்கும் சிறப்பாவது அவரது அறிவுக்குக் கிடைக்கிறதா? இல்லை. அவர் ஏசுவின் வழித்தோன்றல், மெரோவிங்கிய அரசகுலத்தின் கொழுந்து; அவருடைய குருதி புனிதக் குருதி! பிறப்பினால் வரும் உயர்வைத் தகர்க்கப் போராடிய மண்ணில் வாழும் நமக்கு இந்தப் பாட்டு புதிதா? சிலர் பிறவியிலேயே புனிதர் என்றால் மற்றவர் யார்? கடவுளை மனிதனாக்கிக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, ஒரு குடும்பத்தையே கடவுள் குலமாக்குகிறது இந்நூல்.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம் முடிவில்தான் காத்திருக்கிறது. மறைத்து வைக்கப்பட்ட உண்மையை உலகறியச் சொல்ல வேண்டும் என்று துடிப்பவர் ஒருவரே. டீபிங் எனும் அறிஞர். அவரையே கொலைச் சதிகாரராக்கிக் கைவிலங்கு பூட்டுகிறார் ஆசிரியர். உண்மை மறைந்தே கிடக்கட்டும், மருமமே மனத்துக்கு இனிது எனச் சொல்வோர் நல்லவர்களாகின்றனர். ஆய்வாளன் லாங்டனோ, இறுதிப் பக்கத்தில் லூவரில் மண்டியிடுகிறான்! ஐயத்தில் தொடங்கிய பயணம் வழிபாட்டில் முடிகிறது. இதற்காகவா இத்தனை ஓட்டம்?

கதைதானே, கற்பனைதானே என்பர் சிலர். கற்பனை என்று சொல்லியிருந்தால் நமக்கு வழக்கில்லை. முகப்பில் 'உண்மை' என்று முத்திரை குத்திய பின், கணக்குக் கேட்கும் உரிமை வாசகனுக்கு வந்துவிடுகிறது.

இந்நூலைத் தடைசெய்யச் சொல்லவில்லை நாம். தடை அறிவுக்குப் பகை. படியுங்கள் தோழர்களே! ஆனால் ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் ஆசிரியர் உங்களை ஓடச் சொல்லும்போது, ஒரு கணம் நில்லுங்கள். நின்று, 'சான்று எங்கே?' என்று கேளுங்கள். மதபீடத்திடம் கேட்ட கேள்வியை மதபீடத்தைச் சாடுவோரிடமும் கேட்பதே பகுத்தறிவு!