நொறுங்கவும் கூடாது, மக்கவும் வேண்டும்

மக்கும் பிளாஸ்டிக்கை முறியாததாக்கிவிட்டோம் என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஓர் எண்ணைத்தான் முன்னே நிறுத்துகின்றன: அறுந்துபோகுமுன் பட்டை எத்தனை சதவீதம் நீள்கிறது? கவர்ச்சியான எண்தான். ஆனால் நீள்வதெல்லாம் முறியாதது ஆகிவிடாது. நீளும்போது இழுவிசையையும் தாங்க வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. முறியாமைக்காகச் சங்கிலியில் புகுத்திய இரண்டாவது அலகு மக்குவதற்குத் துணைநிற்கிறதா, குறுக்கே நிற்கிறதா? இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட அலகுகள் சேர்ந்த கோபாலிமர்களை எடைபோட எனக்கு இதுவே முதல் அளவுகோல்.

1926இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மொரீஸ் லெமுவான் பாக்டீரியாவுக்குள் கண்டெடுத்த பிஎச்பி, அதாவது பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட், மண்ணிலும் கடலிலும் மக்கும். வலிமையில் பாலிப்ரொப்பிலீனுக்கு இளைத்ததல்ல. ஆனால் சுமார் 5 சதவீதம் நீண்டதும் உடைந்துவிடும். நுண்ணுயிர் கட்டும் சங்கிலி பிசகே இல்லாத ஒழுங்குடையது என்பதே காரணம். ஒழுங்கான சங்கிலிகள் நெருங்கி அடுக்கிப் படிகமாகின்றன. செய்த பொருளை அலமாரியில் வைத்திருந்தாலும் படிகமாதல் நிற்பதில்லை. நாளாக ஆகப் பொருள் மேலும் நொறுங்கும். போதாக்குறைக்கு, 175 டிகிரிக்கு மேல்தான் உருகுகிறது. அதைத் தாண்டிக் கொஞ்சம் சூடேற்றினாலே சிதையத் தொடங்குகிறது.

பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் இதற்கு ஒரு கோபாலிமரை மருந்தாகக் கண்டது. பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸோடு ப்ரொப்பியானிக் அமிலத்தையும் ஊட்டினால், பியூட்டிரேட் அலகுகளுக்கு இடையே வாலரேட் அலகுகள் வந்து அமர்கின்றன. ‘பயோபால்’ என்ற பெயரில் வந்த இந்தப் பொருளில் 1990இல் ஜெர்மனியில் ஷாம்பூ பாட்டிலே விற்றார்கள். பிறகு அது கைமாறிக் கைமாறி 1990களின் இறுதியில் மான்சாண்டோவிடம் முடங்கியது. விலைதான் கொன்றது என்பார்கள். விலை உண்மைதான், ஆனால் வடிவமைப்பிலேயே ஒரு கோளாறு இருந்தது. வாலரேட்டின் பக்கக்கிளையில் கூடுதலாக இருப்பது ஒரே ஒரு கார்பன். அவ்வளவு சிறியதைப் பியூட்டிரேட் படிகம் தனக்குள்ளேயே ஏற்றுக்கொள்கிறது. நூற்றுக்கு இருபது அலகு சேர்த்தும் நீட்சி 50 சதவீதத்தை ஒட்டியே நின்றது.

அமெரிக்காவின் பி அண்ட் ஜி நிறுவனத்தில் இசாவோ நோடா பார்த்தது இதற்கு நேரெதிரான வழி: படிகத்துக்குள் பொருந்தவே பொருந்தாத அலகைச் சேர்ப்பது. ஹெக்ஸனோயேட்டின் கிளையில் மூன்று கார்பன்கள். செங்கல் வரிசையில் துருத்தி நிற்கும் கல்லைப்போல அது அடுக்கைக் குலைக்கிறது. இதன் விளைவை ஜப்பானின் யோஷிஹாரு தோய் குழு 1995இல் அளந்து காட்டியது. நூறு அலகில் 17 ஹெக்ஸனோயேட் ஆனபோது நீட்சி 6இலிருந்து 850 சதவீதத்துக்கு ஏறியது. வலிமை 43இலிருந்து 20 மெகாபாஸ்கலுக்கு இறங்கியது. வலிமை பாதியாகியும், நீட்சி நூறு மடங்குக்கு மேல் பெருகியதால், மெதுவாக இழுத்து முறிக்கத் தேவைப்படும் ஆற்றல் பன்மடங்காகிறது. உருகுநிலையும் சரிவதால் சிதைக்காமல் வார்க்க முடிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, படிகம் குறைந்த இடத்தில்தான் நொதியும் எளிதாகப் புகும். ஓர் அளவு வரை, முறியாமையைத் தரும் அதே ஒழுங்கின்மை மக்குவதையும் விரைவாக்குகிறது. இந்தப் பொருத்தம் வேறு வழிகளில் அபூர்வம்.

பிஏஎஸ்எஃப் 1998இல் கொண்டுவந்த ‘இகோஃப்ளெக்ஸ்’ வகையில் இந்தப் பொருத்தம் இல்லை. அதில் டெரப்தாலிக் அமிலம் வலிமை தருகிறது, அடிப்பிக் அமிலம் மக்கவிடுகிறது. முதலாவதைக் கூட்டினால் இரண்டாவதன் பயன் குறையும். கூடிப்போனால் நுண்ணுயிர் கைவிட்டுவிடும். கச்சாப்பொருளும் பெரும்பாலும் பெட்ரோலியம். ஆனாலும் இதைப் போலி என்று ஒதுக்குவது நியாயமல்ல. 2018இல் சூரிக்கின் இடிஎச் ஆய்வாளர்கள், அடையாளமிட்ட கார்பனைக் கொண்டு, மண்ணின் நுண்ணுயிர்கள் இதைத் தின்று உடலில் சேர்ப்பதை நிறுவினார்கள்.

பிஎல்ஏ, அதாவது பாலிலாக்டிக் அமிலத்தின் கதை வேறு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வெறும் 5 சதவீதம் தொகுதிக் கோபாலிமரைக் கலந்தே அதன் நொறுங்குதன்மையைப் பெரிதும் குறைத்திருக்கிறார்கள். நேர்த்தியான கைவேலை. ஆனால் பிஎல்ஏ சங்கிலி 60 டிகிரியை ஒட்டித்தான் இளகுகிறது. ஆகவே அது மக்குவதற்குத் தொழில்முறை உரக்கூடத்தின் சூடு வேண்டும். இந்தக் கலப்பு அந்தத் தேவையைத் தொடவே இல்லை.

ஆகவே வடிவமைப்பு என்ற அளவில் என் வாக்கு ஹெக்ஸனோயேட்டுக்கு. சந்தை அதைக் கொண்டாடவில்லை என்பதும் தெரியும்: இதைத் தயாரிக்கும் ஜப்பானின் கனேகா நிறுவனம் 2019இல் தகாசாகோவில் எட்டிய ஆண்டுக் கொள்ளளவு 5,000 டன்தான், நோடாவின் காப்புரிமைகளை வாங்கிய டேனிமர் நிறுவனம் 2025இல் திவால் மனு போட்டது. படிகத்தைக் குலைத்ததற்கு அபராதமும் உண்டு. உருகிய பொருள் இறுக நேரமெடுத்து அச்சில் ஒட்டுகிறது. சங்கிலிகள் அலமாரியில் மெல்ல அடுக்கிக்கொள்வது முற்றிலும் நிற்பதுமில்லை. அன்றே வார்த்து அன்றே இழுத்த பட்டையின் எண்ணை வைத்துக்கொண்டு கடைக்கு அனுப்ப முடியாது. ஒரு மாதம் கிடந்த பட்டையை இழுத்துப் பார்த்து, கூடவே கீறலிட்டுச் சுத்தியால் மோதும் சோதனையும் செய்தால்தான் நம்பலாம்.

உறிஞ்சுகுழலுக்கும் மெல்லிய உறைக்கும் ஹெக்ஸனோயேட் வகை தேறும். உறைபனிப் பெட்டியில் வைக்கும் பொட்டலத்துக்குத் தேறாது. அதன் சங்கிலிகள் 0 டிகிரியை ஒட்டியே விறைத்துவிடுகின்றன. அங்கே மைனஸ் 30 வரை வளைந்துகொடுக்கும் ‘இகோஃப்ளெக்ஸ்’ சரக்கே இன்றும் மேல்.