சும்மா படம் காட்டாதீங்க!

டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கிறோம் என்று பேர். அதில் கணிசமான நேரம் நாம் பார்ப்பது விளம்பரம். அது முடிந்ததும் படம். ஒவ்வோர் ஓவரில் எடுத்த ரன்னும் அடுக்குமாடிக் கட்டடம் மாதிரி வரிசையாக எழும்பி நிற்கும். அதற்கு மன்ஹாட்டன் என்று பெயர். இரண்டு அணிகளின் ஸ்கோரும் இரண்டு கோடுகளாக நெளிந்து மேலே போகும். அது வோர்ம், அதாவது புழு. பேட்ஸ்மேன் அடித்த அடியெல்லாம் நடுவிலிருந்து நாலா பக்கமும் பாயும். அது வேகன் வீல். நம் பாஷையில் வண்டிச் சக்கரம்.

பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் அந்நியமில்லை. பார் டயாகிராம், பை டயாகிராம் என்று கிராஃப் தாளில் பென்சில் தேயத் தேயப் போட்ட கூட்டம் நாங்கள். அந்த உரிமையில் ஒரு கேள்வி. இந்தப் படங்களில் எது நமக்கு ஏதாவது சொல்கிறது? எது சும்மா 'படம் காட்டுகிறது'?

வண்டிச் சக்கரம் கம்ப்யூட்டர் காலத்துச் சரக்கு என்று நினைத்தால் தப்பு. பில் ஃபெர்குசன் என்று ஓர் ஆஸ்திரேலியர். 1905-ல் ஆஸ்திரேலிய அணியோடு இங்கிலாந்துக்கு ஸ்கோரராகக் கப்பல் ஏறினார். அணியில் இருந்த மாண்டி நோபிள் தொழில்முறைப் பல் டாக்டர். அவரிடம் பல்லைக் காட்டப் போன இடத்தில்தான் ஃபெர்குசன் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாராம். அதற்கப்புறம் 1950-கள் வரை பல நாட்டு அணிகளோடு ஊர் ஊராகச் சுற்றினார். எந்தப் பந்து எந்தப் பக்கம் போனது என்று குறித்துவைத்து, கையாலேயே கோடு இழுத்துப் படமாக்கினார். நூறு வருஷம் தாண்டியும் நாம் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். கலர் மட்டும் கூடியிருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல படம்தான். 2004 ஜனவரி, சிட்னி டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தொடரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே மட்டையை நீட்டி அவுட்டாகிக்கொண்டிருந்த சச்சின், கவர் டிரைவைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, பத்து மணி நேரத்துக்கு மேல் ஆடி 241 நாட் அவுட். அந்த இன்னிங்ஸின் சக்கரத்தில் லெக் சைடில் கோடுகள் அடர்ந்திருக்கும். கவர் பக்கம் வறண்டு கிடக்கும். அந்தக் காலி இடம்தான் கதை! ஆனால் 'அங்கே பாருங்கள், ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னால்தான் அது நம் கண்ணில் படும். சக்கரம் தானாகச் சொல்லாது. ரன் வராத பந்துகளுக்கு அதில் கோடே கிடையாது. ஃபீல்டர் எங்கே நின்றார் என்பதும் கிடையாது. வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாத கணக்கு நோட்டு அது.

தானாகப் பேசும் படம் எப்படி இருக்கும்? 2012 லண்டன் ஒலிம்பிக்ஸின்போது 'நியூயார்க் டைம்ஸ்' ஒன்று செய்தது. 1896 முதல் ஆண்கள் நூறு மீட்டரில் பதக்கம் வாங்கிய அத்தனை பேரையும் ஒரே மைதானத்தில் ஒரே ஓட்டமாக ஓடவிட்டது. முதல் ஒலிம்பிக்ஸில் ஜெயித்த தாமஸ் பர்க் எடுத்துக்கொண்டது 12 விநாடி. லண்டனில் உசைன் போல்ட் 9.63. வித்தியாசம் இரண்டரை விநாடிகூட இல்லை. 'அவ்வளவுதானா' என்று தோன்றும். சராசரி வேகத்தை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். போல்ட் கோட்டைத் தொடும்போது பர்க் சுமார் 80 மீட்டரில்தான் வந்துகொண்டிருப்பார். மிச்சம் 20 மீட்டர், ஏறக்குறைய ஒரு கிரிக்கெட் பிட்ச்சின் நீளம்! இப்போது உறைக்கிறதல்லவா? விநாடியை மீட்டராக மாற்றியதுதான் அவர்கள் செய்த வேலை.

அதே பத்திரிகை 2010 குளிர்கால ஒலிம்பிக்ஸில் இன்னும் ஒரு படி மேலே போனது. யார் யார் எவ்வளவு இடைவெளியில் முடித்தார்கள் என்பதைப் படமாகப் போடாமல் ஸ்வரமாக ஒலிக்கவிட்டது. ஆண்கள் டவுன்ஹில் பனிச்சறுக்கில் தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் 0.09 விநாடிதான். கண்ணுக்கு அது வெறும் தசமப் புள்ளி. காதுக்கு 'டடட்' என்று மூன்று தட்டு, முடிந்தது. நாலு வருஷ உழைப்பு அந்தத் தட்டுக்குள் அடங்கிவிட்டது என்று கேட்கும்போது வயிற்றில் ஏதோ செய்யும்.

இதற்கு நேர் எதிர், இப்போது டி.வி. மூலையில் வரும் ஜெயிக்கும் வாய்ப்புப் பட்டை. இவருக்கு இத்தனை சதவிகிதம், அவருக்கு இத்தனை. பழைய ஆட்டங்களை அலசிப் போடும் கணக்கு அது. கணக்கில் தப்பில்லை, காட்டும் விதத்தில்தான் தப்பு. பத்து சதவிகிதம் என்றால் இதே நிலையில் பத்துக்கு ஓர் ஆட்டம் ஜெயிக்கலாம் என்று அர்த்தம். பட்டையைப் பார்த்தால் 'தோற்றாச்சு, டி.வி.யை அணை' என்பது போலிருக்கிறது. 2022 அக்டோபரில் மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிராக 8 பந்தில் 28 ரன் வேண்டியிருந்தது. அப்போது டி.வி.யை அணைத்தவர்கள், ஹாரிஸ் ரவூஃபை கோலி அடுத்தடுத்து அடித்த இரண்டு சிக்ஸரையும், கடைசிப் பந்தில் நம்ம அஸ்வின் முடித்துவைத்ததையும் ஹைலைட்ஸில்தான் பார்த்திருப்பார்கள்.

புழுவும் உத்தமமில்லை. 2019 உலகக் கோப்பை ஃபைனலில் இங்கிலாந்து 241, நியூஸிலாந்து 241. இரண்டு புழுவும் ஒரே இடத்தில் போய் முட்டி நின்றன. சூப்பர் ஓவரிலும் 15-க்கு 15. கோப்பை யாருக்கு என்று தீர்மானித்தது பவுண்டரி எண்ணிக்கை, 26-க்கு 17. ஆட்டம் முழுக்க நெளிந்த புழுவில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை. அதே வருஷம் அக்டோபரில் ஐ.சி.சி. அந்த விதியை மாற்றி, முடிவு தெரியும்வரை சூப்பர் ஓவர் போடச் சொல்லிவிட்டது.

அதனால் அடுத்த முறை திரையில் படம் விரிந்தால், 'அடேங்கப்பா' சொல்வதற்கு முன் ஒன்று கேளுங்கள். இது எதை எண்ணியிருக்கிறது, எதை எண்ணாமல் விட்டிருக்கிறது? பதில் சொல்கிற படத்தை நம்பலாம். சொல்லாத படம் வந்தால் எழுந்து போய்க் காபி போடுங்கள். ஆனால் கடைசிப் பந்துக்குள் திரும்பி வந்துவிடுங்கள்.