விராலுக்குத் தூண்டில்

அரியலூர், பெரம்பலூர் ஏரிகளில் தூண்டில்காரரின் கெட்டிக்காரத்தனத்தைச் சோதிக்கும் மீன் விரால்தான். அல்லியும் கோரையும் அடர்ந்த இடத்தில் பதுங்கிக் கிடக்கும். தவளை நீந்தினால் பாயும். காற்றையும் சுவாசிக்க வேண்டியிருப்பதால் அவ்வப்போது மேலே வந்து வாய் திறக்கும். அந்தச் சலனத்தைக் கண்டு வைத்தவரே ரப்பர் தவளையைச் சற்றுத் தள்ளி விழவைத்து, விட்டுவிட்டு இழுக்கிறார். மண்புழுவை மாட்டிவிட்டுத் தக்கையையே பார்த்திருக்கும் வேலையல்ல இது.

கோடையில் ஏரி வற்றினால் கையாலேயே அள்ளலாமே என்பார்கள். குழம்புக்கு அது போதும்; ராஜேந்திர சோழன் வெட்டிய பொன்னேரி போன்ற பரப்பில், நீர் நிறைந்திருக்கையில், ஒற்றை மீனின் இருப்பிடத்தைக் கணிப்பது வேறு வித்தை. குஞ்சைக் காக்கும் விரால் எதன்மேலும் பாயும், அப்போது பிடித்தால் என்ன என்ற வாதம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அதில் கணிப்புக்கே வேலையில்லை. காவல் போனதும் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை மற்ற மீன்களும் கொக்குகளும் தின்றுவிடும்.